பத்தொன்பதாவது கை

அத்தியாயம் பதினொன்று

புதன்கிழமை மாலை யாரும் பார்க்காத நேரத்தில், திறந்து கிடந்த ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்ட அந்தச் சிவப்பு அட்டை நோட்டு, வியாழக்கிழமை காலையிலும் பெரியவளின் பையிலேயேதான் இருந்தது. வீட்டில் எங்கே வைத்தாலும் கண்ணில் பட்டுவிடும் போலிருந்தது. அதனால் வந்த வழியே அதைத் திரும்பவும் சுமந்துகொண்டு கிளம்பினாள்.

கதைக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

பெரியவள் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் கம்பெனியில் வெல்டர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் முதலாளி ஷட்டரை இழுத்து மூடப் போனபோது, அங்கே வேலை பார்த்த நாற்பது பேர் கையில் இருந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் விற்று, ஐந்து மாதம் சம்பளமே இல்லாமல் உழைத்து, கம்பெனியைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். பெரியவளும் அவள் கணவரும் அந்த நாற்பதில் இரண்டு பேர். பங்கு வைத்திருக்கும் தொழிலாளிகளுக்குப் 'பங்காளிகள்' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் இருக்கும் இன்னொரு அர்த்தமும் போகப் போக நன்றாகப் பொருந்தி வந்தது.

இன்றைக்கு அந்த நாற்பதில் உள்ளே வேலை பார்ப்பவர்கள் பதினாலு பேர். ஓய்வு பெற்றும் பங்குப் பணம் முழுசாக வராமல் காத்திருப்பவர்கள், பெரியவளின் கணவரையும் சேர்த்து, பதினோரு பேர்; அவர்களுக்கும் ஓட்டு உண்டு. மற்றவர்கள் கணக்கு முடித்துப் போய்விட்டார்கள், சிலர் உலகத்தை விட்டே போய்விட்டார்கள். கட்டில்களை உண்மையில் செய்து தள்ளுவது, பிற்பாடு, இந்தப் பத்து வருடத்துக்குள், வேலைக்குச் சேர்ந்த முப்பத்தொரு பேர். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, பங்கு கிடையாது, ஓட்டும் கிடையாது. பெரியவளின் தங்கை, சின்னவள், அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தி.

இப்போது ஒரு பெரிய நிறுவனம் கம்பெனியை விலைக்குக் கேட்டிருக்கிறது. நாளை, வெள்ளிக்கிழமை, ஓட்டெடுப்பு.

போன சனிக்கிழமை கேன்டீனில் சின்னவள் எழுந்து நின்று, எட்டு வருடத்துக்கு முந்தைய தீர்மான நோட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். இனிமேல் புதிதாக யாரையும் பங்காளியாகச் சேர்ப்பதில்லை என்று முடிவான கூட்டம் அது. பத்தொன்பதுக்குப் பதினெட்டு, ஒரே ஒரு கை வித்தியாசம். யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்பது நோட்டில் பெயரோடு எழுதியிருக்கிறது. வேலை பார்க்கும் யார் கேட்டாலும் நோட்டைக் காட்ட வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே உள்ள விதி. வியாழக்கிழமை காலை தருகிறேன் என்று பங்காளிகளின் தலைவரும் ஒப்புக்கொண்டார்.

'சேர்க்க வேண்டாம்' என்று தூக்கிய கைகளில் கடைசிக் கை, பத்தொன்பதாவது கை, பெரியவளுடையது. யார் கை எந்தப் பக்கம் என்பதைப் பங்காளிகள் வெளியே சொல்வதில்லை என்பதால், அது அவள் தங்கைக்குத் தெரியாது.

*

அவள் செருப்பை மாட்டும்போது, கூடத்தில் பலகை போட்டு மல்லாந்து படுத்திருந்த கணவர் தலையை மட்டும் திருப்பினார். முப்பது வருடம் லேத் மெஷின் முன்னால் குனிந்து நின்ற மனிதர். இடுப்பு எலும்பு தேய்ந்து, நிமிர்ந்தால் வலி, குனிந்தால் உயிர் போகும் வலி. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பங்குப் பணம் வந்தால் செய்துகொள்ளலாம் என்று இவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பை என்ன இன்னைக்கு இப்படித் தொங்குது?"

"பழைய கையுறைங்க. தைக்கக் குடுக்கணும்."

அன்றைய முதல் பொய், காலை ஏழு மணிக்கே. அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வருவாளா என்று மட்டும் விசாரித்தார். வருவாள் என்றாள்.

வருவாள்தான். எட்டு வருடமாக அப்படித்தான் வருகிறாள். வாசலிலேயே "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போவாள். மாமாவைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். முன்பெல்லாம் மாமா மாமா என்று அவரிடம்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள்.

காரணம் பெரியவள். அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் தங்கை அழுதுகொண்டே வந்து, நம்ம வீட்டு ஓட்டு ரெண்டும் எனக்குத்தானே விழுந்தது என்று கேட்டாள். பெரியவள் கொஞ்சநேரம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "உங்க மாமாவுக்குன்னு ஒரு நியாயம் இருக்கும்டி, விடு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. தங்கை அதை எப்படிப் புரிந்துகொள்வாள் என்று தெரிந்துதான் சொன்னாள்.

கூட்டத்தில் அவர் கை 'சேர்க்கலாம்' என்ற பக்கம்தான் உயர்ந்திருந்தது. சின்னவள் தன்னைத்தான் பழிக்கிறாள் என்ற விஷயம் இரண்டு வாரம் கழித்து அவர் காதுக்கு வந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார். "உனக்குத் தங்கச்சி வேணும். எனக்கென்ன, மாமாங்கற மரியாதை கொஞ்சம் கொறஞ்சாக் கொறைஞ்சுட்டுப் போகுது" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. ஒருநாளாவது திட்டியிருந்தால் பெரியவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

*

பஸ்ஸில் வழக்கம்போலச் சின்னவள் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வந்திருந்தாள், பெயர்களை எழுதிக்கொள்ள.

சண்டை போடுவதற்கு இல்லை என்று அவளே விளக்கினாள். பத்தொன்பது பேரில் யார் யார் இன்னும் பங்காளிகளாக இருக்கிறார்களோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் இன்று சாயங்காலத்துக்குள் போய்ப் பேசப் போகிறாளாம். அன்றைக்கு எங்களை வேண்டாம் என்றீர்கள், போகட்டும், நாளைக்குக் கம்பெனியை விற்காமல் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போகிறாளாம். வாங்க வருகிறவர்கள் ஒரு வருடத்துக்குத்தான் எல்லோரையும் வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார்கள். அதற்கப்புறம் மெஷின்கள் லாரி ஏறிப் போகும்.

"மாமாகிட்டயும் கேக்கணும்" என்றாள் சின்னவள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னுதான் தெரியல. மத்தவங்ககிட்டக் கூடப் பேசிடுவேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. சின்னவள் விழாமல் இருக்க அக்காவின் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் நோட்டின் முனை அவள் உள்ளங்கையில் குத்தியிருக்க வேண்டும். என்னக்கா இது கல்லு மாதிரி என்று சிரித்தாள்.

பெரியவள் பையை மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். இறங்க இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது. நாலு நிறுத்தமும் வந்தன, போயின.

*

ஒன்பது மணிக்கு ஆபீஸ் அறையில் நோட்டைக் காணோம்.

அலமாரிக்குப் பொறுப்பு ஸ்டோர்காரர். அவரும் நாற்பதில் ஒருவர். கண்ணாடியின் தடிமனைப் பார்த்துப் 'பூதக்கண்ணாடி' என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒரு வாஷர் குறைந்தாலும் எந்தத் தேதியில் யார் வாங்கிப் போனார்கள் என்று மனப்பாடமாகச் சொல்லுவார். அப்படிப்பட்டவரிடம் தலைவர், கூடி நின்ற கூட்டத்துக்கு முன்னால், சாவி உங்ககிட்டத்தானே இருந்துச்சு என்று கேட்டுவிட்டார். யாராவது காசு கொடுத்தாங்களா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னவள் திரும்பி, அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அந்த ஆளை அடக்கினாள். ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

ஸ்டோர்காரர் அலமாரியைத் திறந்து இருபத்திரண்டு வருடத்து ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்க ஆரம்பித்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு அட்டையையும் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

பெரியவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லாக்கர் அங்கிருந்து பத்தடி. உள்ளே அவள் பை. அதற்குள் அவர் தேடும் நோட்டு.

அவள் வேலைக்குத் திரும்பினாள். தலைக்கவசத்தை இறக்கி, கட்டில் சட்டத்தின் மூலையில் தீப்பொறியை வைத்தாள். அவள் பற்றவைத்த இடத்தைத் தேய்க்கவே வேண்டாம் என்று இருபது வருடமாகப் பெயர் எடுத்தவள். அன்றைக்கு முதல் சட்டத்தில் ஓட்டை விழுந்தது. இரண்டாவதில் உருகிய இரும்பு ஒட்டிப் பிடிக்காமல் உருண்டை உருண்டையாக நின்றது. மூன்றாவதை நிமிர்த்திப் பார்த்தபோது, இதில் ஒரு நோயாளி படுத்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. சட்டம் மூன்றையும் கழிவு மூலையில் கொண்டு போய்ப் போட்டாள்.

கண்ணாடி ஜன்னல் வழியே ஆபீஸ் தெரிந்தது. ஸ்டோர்காரர் இன்னும் முட்டி போட்டுத்தான் இருந்தார். ஒரு கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பெரியவள் கையுறையைக் கழற்றினாள். லாக்கரைத் திறந்தாள்.

*

பெயின்ட் பிரிவில் தூள் பெயின்ட்டை உருக்கிப் பிடிக்க வைக்கும் அடுப்பிலிருந்து வெளிவந்த கட்டில் சட்டங்கள் கொக்கியில் தொங்கியபடி ஆறிக்கொண்டிருந்தன. சின்னவள் முகத்துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு சட்டத்தில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தில் வெள்ளைத் தூள். அக்காவின் கையில் இருந்த சிவப்பு அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கிடைச்சிருச்சா? எங்க இருந்துச்சு?"

"என் பைல."

சின்னவளுக்குப் புரியவில்லை. பெரியவள் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். தன் வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் நோட்டைச் சொல்ல விட்டாள்.

சின்னவள் நின்றுகொண்டே படித்தாள். விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்தினாள். இடது பக்கம் 'சேர்க்கலாம்', வலது பக்கம் 'வேண்டாம்'. வலது பக்கத்தின் அடியில் விரல் நின்றது. பேசியவர்களின் பேச்சும் கீழே சுருக்கமாக எழுதப்பட்டிருந்தது. அக்காவின் பெயருக்கு நேரே: 'நாம் பட்டினி கிடந்து வாங்கிய கம்பெனி. பின்னால் வந்தவர்கள், என் சொந்தத் தங்கையே ஆனாலும், காத்திருக்கட்டும்.'

அதை இரண்டு தடவை படித்தாள் என்பது அவள் கண் போன விதத்தில் தெரிந்தது. பிறகு விரல் இடது பக்கத்துக்குத் திரும்பிப் போயிற்று.

"மாமா பேரு இந்தப் பக்கம் இருக்கு."

"ஆமா."

"எட்டு வருஷமா அந்த மனுஷன்கிட்ட நான் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசலக்கா."

"தெரியும்."

"தெரியுமா?" சின்னவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்குச் சோறு போட்டியா?"

பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பங்கு குறைந்துவிடும் என்று பயந்தோம், எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. புதிதாக ஆள் சேரச் சேரத் தங்கள் பங்கின் மதிப்பு கரையும் என்று அன்றைக்குக் கேன்டீன் முழுக்க அதே பேச்சுத்தான். ஆனால் அவள் கையைத் தூக்கியது அதற்காக மட்டும் இல்லை. எட்டு வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்று இருந்தது. இங்கே, இந்தத் தூள் பறக்கும் மூலையில், அதையும் சொல்லாவிட்டால் நோட்டைக் கொண்டு வந்து கொடுத்ததற்கே அர்த்தமில்லை.

"நான்தான் உன்ன வேலைக்குக் கூட்டிட்டு வந்தேன். என் கையப் புடிச்சுக்கிட்டு வந்தவ கூட்டத்துல எனக்குச் சமமா உக்காந்து ஓட்டுப் போடணுமான்னு இருந்துச்சு. அதான்டி. வேற ஒண்ணும் இல்ல."

பின்னால் கன்வேயர் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. சின்னவள் கண்ணைத் துடைத்தாள், தூள் கண்ணுக்குள் போய் இன்னும் சிவந்தது.

"சமமா உக்கார வரலக்கா. உன் பக்கத்துல உக்காரத்தான் கேட்டேன்."

பெரியவள் கையை நீட்டினாள். சின்னவள் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"ஸ்டோர்காரர்கிட்டச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அந்தப் பெரிய மனுஷன் காலையிலேர்ந்து மண்டி போட்டுக்கிட்டு இருக்காரு. மொதல்ல அங்க போ. என்கிட்ட அழுறதுக்கு அப்புறம் வா."

*

ஸ்டோர்காரர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். அவர் திட்டவில்லை. தலைவரும் இன்னும் நாலைந்து பேரும் இருந்த அறையிலேயே, நோட்டை எடுத்தது நான்தான், இவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று பெரியவள் சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ரொம்ப வயதானவராகத் தெரிந்தார். மேசை மேல் அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் இருந்தது. இன்றோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று ஒரே வரி.

"காசு வாங்குனியான்னு கேட்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

பிறகு தரையில் பரப்பிக் கிடந்த ஃபைல்களைக் காட்டி, வருட வாரியாக அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அது கோபத்தில் சொன்னதா, கால் மரத்துப் போனதால் சொன்னதா என்று தெரியவில்லை. பெரியவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது, எல்லோரும் போனார்கள், அவள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். விஷயம் அதற்குள் ஷெட் முழுக்கப் பரவியிருந்தது. பார்க்கட்டும் என்று அவள் தலையைக் குனிந்துகொள்ளாமல் அடுக்கினாள்.

அடியிலிருந்த முதல் வருட நோட்டு கைக்கு வந்தபோது மணி இரண்டு. காகிதம் பழுத்து மடிப்பில் கிழிந்திருந்தது. நாற்பது பேரும் கையெழுத்துப் போட்ட முதல் தீர்மானங்கள். ஐந்தாவது தீர்மானத்தில் அவள் கண் நின்றது. 'இரண்டு வருடம் வேலை செய்த எவரும் பங்காளி ஆகலாம். பங்குத் தொகையை மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். அந்தப் பணம் ஓய்வு பெறுபவர்களின் பங்கைத் திருப்பித் தர மட்டுமே.'

இதை எழுதும்போது அவளும் இருந்தாள். வாழ்த்துச் சொல்லி டீ குடித்ததுகூட நினைவிருக்கிறது. வருகிறவர்கள் கட்ட, போகிறவர்கள் வாங்கிக்கொள்ள, கம்பெனி நடந்துகொண்டே இருக்கும் என்று எவ்வளவு எளிதாக யோசித்திருக்கிறார்கள். எட்டு வருடம் முன்பு உள்ளே வரும் வழியை அடைத்தார்கள். வெளியே போகிறவர்களுக்குக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? கணவரின் ஆபரேஷன் தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததற்குக் காரணம் தலைவரும் இல்லை, ஆர்டர் குறைந்ததும் இல்லை. அவரைப் பலகையில் படுக்க வைத்ததில் தன் கைக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தபோது, பெரியவளுக்கு அந்தத் தரையை விட்டு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

ஆனால் எழுந்தாள். நாளைய கூட்டத்துக்குத் தீர்மானம் கொடுக்கக் கடைசி நேரம் நாலு மணி. ஒரு தாளை எடுத்து, ஐந்தாவது தீர்மானத்தை அப்படியே பார்த்து எழுதினாள். எட்டு வருடத்துக்கு முந்தைய முடிவை ரத்து செய்ய வேண்டும், விற்பனை பற்றிய ஓட்டுக்கு முன்னால் இதற்கு ஓட்டெடுக்க வேண்டும் என்று சேர்த்துக் கீழே கையெழுத்துப் போட்டாள். வழிமொழிய இன்னொரு பங்காளியின் கையெழுத்து வேண்டும்.

வெல்டிங் பிரிவில் கேட்டாள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒருவர் கை காயம் என்றார். மூன்றாமவர், நோட்டைத் திருடுகிறவள் கொடுக்கும் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவள் தாளை மடித்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

தலைவர் கதவைச் சாத்திவிட்டு அவளை உட்கார வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். களைத்துப் போனவர்.

"நாப்பது பேரா இருந்தோம். பதினாலா ஆயிட்டோம். அஞ்சு வருஷத்துல நீ, நான், யாருமே இருக்க மாட்டோம். வித்தா உன் வீட்டுக்காரருக்கு ஒரே மாசத்துல ஆபரேஷன். எதுக்கு இதெல்லாம்?"

"பதினாலா ஆனோமா, ஆக்கினோமா?" என்றாள் பெரியவள். "முப்பத்தொரு பேர் வெளிய வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நாமதான் அவங்கள எண்ணல."

தலைவர், வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் தாள் செல்லாது என்று நினைவூட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால்.

அப்போது ஸ்டோர்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். மேசையிலிருந்த தாளை மூக்கருகே வைத்து முழுக்கப் படித்தார். ஒரு வரியிலிருந்த எழுத்துப் பிழையைத் திருத்தினார். அடியில் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பத்தொன்பதுல நானும் ஒருத்தன்" என்றார் தலைவரைப் பார்த்து. பெரியவள் பக்கம் திரும்பவே இல்லை. "உனக்காகப் போடலம்மா" என்று மட்டும் போகிற போக்கில் சொன்னார்.

*

பஸ் நிறுத்தத்தில் சின்னவள் இல்லை. முந்தைய பஸ்ஸிலேயே போய்விட்டாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பெரியவள் தனியாக உட்கார்ந்து வந்தாள். பக்கத்து இடத்தில் யாரோ மூட்டையை வைத்தார்கள்.

நாளைய கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். உள்ளே இருக்கும் பதினாலு பேர் பாதிக்குப் பாதி பிரிவார்கள். ஓய்வு பெற்ற பதினோரு பேர் எந்தப் பக்கமோ, கம்பெனி அந்தப் பக்கம். அதில் ஒருவர் தன் வீட்டிலேயே படுத்திருக்கிறார். அவரிடம் எப்படிக் கேட்பது? எட்டு வருடம் என் பழியைச் சுமந்தீர்கள், இனி வலியையும் கொஞ்ச நாள் சுமந்துகொள்ளுங்கள் என்றா?

மாடிப் படி ஏறி வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். கதவோரம் சின்னவளின் செருப்பு. உள்ளேயிருந்து குரல் கேட்டது. சமையலறையிலிருந்து இல்லை, கூடத்திலிருந்து.

சின்னவள் பலகைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. மாமா மாமா என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். நடுநடுவே வார்த்தை உடைந்தது. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"போதும்மா. என்கிட்டப் போயி மன்னிப்பு கேக்காத" என்றார் கடைசியில். "நான் அதுக்கு ஆளில்ல. திங்கக்கிழமையே தலைவர் வந்தாரு. கூட்டத்துக்கு வர முடியாதவங்க எழுதிக் குடுத்தாப் போதும்னாரு. விக்கலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். வலி தாங்கல."

வாசலில் நின்ற பெரியவளை அவர் பார்த்தார். "உன்கிட்டயும் சொல்லல" என்றார்.

யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று பெரியவள் நினைத்தாள். மற்ற இருவர் முகத்திலும் அதேதான் எழுதியிருந்தது. அவள் மட்டும் மெதுவாக, வாசலில் நின்றபடியே, இன்றைக்குக் கொடுத்த தாளைப் பற்றிச் சொன்னாள். ஐந்தாவது தீர்மானம், ஸ்டோர்காரர் கையெழுத்து, தரையில் அடுக்கிய ஃபைல்கள், எல்லாவற்றையும். சேர்த்துக்கொண்டால் பணம் மெதுவாகத்தான் வரும், ஆபரேஷன் இன்னும் ஒரு வருடமாவது தள்ளும் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துத் திரும்பினார். பிறகு, எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டார்.

"தலைவர்கிட்ட நேர்ல போய்க் கேட்டா, தந்துதான் ஆகணும் மாமா" என்றாள் சின்னவள். விதியை அவள் வரி வரியாகப் படித்து வைத்திருந்தாள்.

"அப்ப என் இடுப்புப் பட்டைய எடுங்க."

நாலு மாதமாக அவர் படி இறங்கவில்லை. சின்னவள் ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. பெரியவள் தயங்கித் தயங்கிப் போய் நின்றாள். சின்னவள் அவளைப் பார்க்கவில்லை, ஆனால் மாமாவின் முதுகுக்குப் பின்னால் கையை நகர்த்தி அக்காவின் கைக்கு இடம் விட்டாள். ஒவ்வொரு படிக்கும் அவர் பல்லைக் கடித்தார். வளைவுக்கு வந்ததும் மூன்று பேரும் மூச்சு வாங்கி நின்றார்கள்.

கீழிருந்து யாரோ அவசரமாக ஏறி வரும் சத்தம் கேட்டது. தலைவர். புதுத் தீர்மானத்துக்கு எதிராகவும் எழுதி வாங்கிக்கொள்ள வந்திருக்க வேண்டும். கையில் புதிதாக ஒரு தாள், சட்டைப் பையில் பேனா. வளைவில் நின்ற மூவரையும் பார்த்ததும் அவர் கால் படியிலேயே நின்றுவிட்டது.

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தார்.

"நீங்களே வந்துட்டீங்களா?" என்றார். "நல்லதாப் போச்சு. எனக்குப் பாதிப் படி மிச்சம்."